சொர்ணம் அத்தையின் நீச்சல்குளமும் ஐப்பசி மழையும்

சிங்கப்பூர்ப் பணத்தில் வீடு கட்டினால் வாசலில் இரண்டு சிங்கம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தவர்கள் சிங்கத்துக்குப் பெயின்ட் அடிப்பார்கள். செல்லமுத்து மாமா சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலிருந்து போன் போட்டு, “ஒனக்கு என்ன வேணும், சொல்லு” என்று கேட்டபோது அவர் மனைவி சொர்ணம் அத்தை, “கொல்லையில ஒரு நீச்சல்குளம்” என்றார். மாமா லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, “ஹலோ, ஹலோ” என்று கத்தினாராம்.

அத்தை பிறந்தது குடுமியான்மலைப் பக்கம். சின்ன வயதில் கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவர். வயசுக்கு வந்த அன்றோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு அண்ணன்மார் குதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு துவைகல்லில் துணி அடிக்கும் வேலைதான். அந்தக் கோபம் ஆறவே இல்லை. இப்போது ஜாக்கெட் தைக்கிறார். அளவெடுக்க வருகிற பெண்களின் தோளில் டேப்பை வைத்தபடியே, “நல்ல தோளு. நீச்சல் தெரியுமா?” என்று கேட்பார். குளம் கட்டி முடிந்ததும், ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் நீச்சல் கற்றுக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. நானும் என் கூட்டாளி திருப்பதியும் ஒருநாள் சுவர் மேலாக ஒரு ரப்பர் முதலையை வீசினோம். உள்ளே எழுந்த கூச்சலைக் கேட்டு நாங்கள் சிரித்து முடிப்பதற்குள், அத்தை அதைப் பிடித்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கட்டிக்கொண்டு மிதப்பதற்குக் கொடுத்துவிட்டார். குறும்பு செய்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது.

குளத்துக்கு ஒரே ஒரு எதிரி இருந்தார். மாமாவின் தம்பி ஐயனார். எனக்கு அவரும் மாமா முறைதான். போன ஐப்பசி மழையில் குளம் ததும்பி, பக்கத்திலிருந்த அவருடைய வைக்கோல் படப்பு அடியோடு அழுகிப்போனது. அன்றே சொல்லிவிட்டார்: “அடுத்த மழைக்கு ஒரு சொட்டு என் பக்கம் வரட்டும் அண்ணி. அண்ணங்கிட்டகூட கேக்கமாட்டேன். ஜேசிபிய விட்டு மண்ணப் போட்டு மூடிட்டு மறுவேல பாப்பேன்.” நிலம் இன்னும் அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப்பட்டாவில்தான் இருக்கிறது. ஆகவே அது வெறும் மிரட்டல் இல்லை.

இந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னால் கண்மாய் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, ஞாயிறு சாயங்காலத்திலிருந்து கொட்டப்போகிறது என்று போன் முழுக்கச் செய்தி.

“மழைக்கு எடம் வேணும்ல? மொத்தத் தண்ணியையும் எறைச்சுட்டா, எம்புட்டுக் கொட்டுனாலும் உள்ளயே கெடக்கும். ஐயனாரு தம்பிக்கும் வாய் அடங்கும்” என்றார் அத்தை.

இதில் தப்பு சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வறண்ட ஊர்க்காரர்கள் நாங்கள். தண்ணீர் மேலேயிருந்து வரும், வந்த வேகத்தில் கீழே போய்விடும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர். அது கீழேயிருந்து மேலே வரும் என்று யார் கண்டது?

ஞாயிறு காலையிலிருந்தே மோட்டார் வைத்து இறைத்தோம். வேலை கிடந்ததால் அன்றைக்கு ஆண்களுக்கும் அனுமதி. தரை தெரிந்ததும் துடைப்பமும் பிளீச்சிங் பவுடருமாகப் பாசியைத் தேய்த்தோம். ஏழாம் வகுப்பு படிக்கிற வனிதா எங்களுக்கு மேஸ்திரி. அவள் ஐயனார் மாமாவின் மகள். அவள் அங்கே வருவது அவள் அப்பாவைத் தவிர ஊருக்கே தெரியும்.

“டேய் நிலவழகா, தேய்க்கிறியா, தடவிக் குடுக்கிறியா?” என்றாள் என்னைப் பார்த்து.

“ஒங்கப்பா கேட்டா எங்க போனேன்னு சொல்லுவ?”

“ஸ்பெஷல் கிளாஸ்.”

“ஞாயித்துக்கெழமையா?”

“அதான ஸ்பெஷலு.”

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டொக். கல்லை ஓட்டில் போட்டதுபோல. தரையின் நடுவில் ஒரு டைல்ஸ் எம்பி நின்றது. அதன் ஓரத்திலிருந்து தெளிந்த தண்ணீர் நூல்போல வடிந்தது.

“ஊத்து! அத்தே, ஊத்து வந்துருச்சு!” என்று திருப்பதி குதித்தான். எங்கள் ஊரில் ஊற்று கண்டால் தேங்காய் உடைப்போம். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த டொக். இன்னொன்று. நடுத்தரை எண்ணெய்ச் சட்டியில் போட்ட பூரிபோல மெல்ல உப்பத் தொடங்கியது. கைதட்டல் நின்றுபோனது.

அத்தை ஓடிப்போய் மாமாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தரைக்கு நேராகக் காட்டினார். மாமா பார்த்ததும் அலறிவிட்டார்.

“காலி பண்ணிட்டியா? அடியே, காலிக் கப்பலு மெதக்கும்டி! கண்மாய்த் தண்ணி கீழயிருந்து தூக்குது. தண்ணிய விடு!”

“இப்பத்தான எறைச்சு முடிச்சோம்!”

“நெறப்புடி! இல்லேன்னா தொட்டி ரெண்டாப் பொளந்துரும்!”

பிளந்துவிட்டால் ஐயனார் மாமாவுக்கு வேறு காரணமே வேண்டாம். மறுநாள் மண் லாரி வந்துவிடும்.

இறைத்த தண்ணீர் தென்னைக்குப் போய் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. வீட்டு போர்வெல் குழாயில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கிணறு, விளிம்பு வரை தண்ணீரோடு, பெரிய மோட்டாரோடு இருந்தது. கிணறு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, வனிதாவைக் காணோம். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. நானும் திருப்பதியும் சுவரேறிக் குதித்து ஓஸை இழுத்து இந்தப் பக்கம் போட்டோம். தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. அத்தை குழந்தைபோலக் கத்தினார்: “விடு! விடு! இன்னும் விடு!”

கணுக்கால் அளவு ஏறியது. வானம் கறுத்து ஒரு இடி இடித்தது. கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. அடியில் மட்டும் டொக், டொக்.

“எவன்டா எம் மோட்டாரப் போட்டது?” என்றபடி ஐயனார் மாமா வந்து நின்றார். துண்டு ஒரு தோளில், கோபம் இன்னொரு தோளில்.

“நாந்தான்” என்றாள் வனிதா.

மாமா குளத்தைப் பார்த்தார். படியில் இறங்கி, உப்பிய இடத்தில் காலை வைத்தார். தரை அதிர்ந்தது. சட்டென்று காலை எடுத்துக்கொண்டார்.

அத்தை கெஞ்சவில்லை. “தம்பி, மூடணும்னா சொல்லுங்க, ஜேசிபிக்கு நானே ஆளு அனுப்புறேன். ஆனா ஒடஞ்சு போச்சுன்னு மூட விடமாட்டேன்.”

“அப்பா, நான் இன்னும் முங்குநீச்சல் கத்துக்கல” என்றாள் வனிதா.

“முங்குநீச்சலா? அப்ப மத்த நீச்சலு?”

அவள் காலால் தண்ணீரை அளைந்தாள். மாமா அவளையே பார்த்தார். பிறகு படியேறிப் போய்விட்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். அத்தை அந்த உப்பிய இடத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார், தன் எடையால் அதை அமுக்கிவிடலாம் என்பதுபோல. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் எடைக்கு அது கொசு உட்கார்ந்த மாதிரிதான். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

அப்போது கிணற்றுப் பக்கம் டுப்… டுப்… டுப்டுப்டுப்! ஐயனார் மாமாவின் பழைய டீசல் இன்ஜின்! ஓஸ் பாம்பாக நெளிந்து நிமிர்ந்து தண்ணீரைக் கக்கியது. அதே நேரத்தில் மழையும் விழுந்தது. எந்த மழைக்குப் பயந்து காலையிலிருந்து இறைத்தோமோ, அதே மழையை அண்ணாந்து பார்த்து, “வா! வா! கொட்டு!” என்று கத்தினோம். திருப்பதி தவலையில் தாளம் போட்டான். பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். முழங்கால் ஏறியது. இடுப்பு ஏறியது. திடீரென்று காலுக்கடியில் ‘தொம்’ என்று ஒரு பெரிய சத்தம். தரை தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அத்தை போட்ட கூச்சல் கண்மாய்க் கரையைத் தாண்டிக் கேட்டிருக்கும். நாலைந்து டைல்ஸ் போனதோடு சரி.

நெஞ்சளவு வந்ததும் இன்ஜின் நின்றது. மழை நிற்கவில்லை. இனி ததும்பினால் மாமா பக்கம்தான் போகும். அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். படப்பின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது. மாமா சுவர் ஓரமாகத் தன் நிலத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார், வாழைக்கொல்லையைப் பார்த்து.

நிமிர்ந்தவர் கண்ணில் நீந்திக்கொண்டிருந்த வனிதா பட்டாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அவள் ஒரு கரையிலிருந்து மறுகரை போய்ச் சேரும்வரை மழையில் நின்று பார்த்தார். பிறகுதான் கத்தினார்:

“இடி இடிக்குது, கூத்தா அடிக்கிறீங்க? ஏறுங்க மேல! அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒருத்தரும் எறங்கப்படாது! அண்ணி, ஒங்களுக்கும்தான்!”

“சரிங்க தம்பி” என்று அத்தை உடனே கரையேறினார். அவர் இன்னொருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.