தேவைப்பட்டால் மட்டும் நடக்கும் ஆட்டம்

டிக்கெட் கவுண்டரில் நிற்பவனிடம் ஆட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் கேட்பார்கள். அவன் அந்த ஆட்டத்தை முழுதாக ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டான். சினிமா தியேட்டரிலோ பஸ் நிலையத்திலோ கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். என் கண்ணாடி லண்டனில் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். லண்டனுக்கு வந்து முதுகலையும் முடித்தேன். படிப்புக்கேற்ற வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இந்தக் கவுண்டரில் சேர்ந்தேன். சேர்ந்த நேரம், லீக் ஆட்டங்கள் முடிந்து பிளே ஆஃப் தொடங்கும் நேரம். பட்டியலில் மேலே வந்த எட்டு அணிகள் மோதும். தோற்ற அணி வீட்டுக்குப் போகும், கடைசியில் நிற்கும் அணிக்குக் கோப்பை. என் ஒப்பந்தமும் அதே மாதிரிதான். எங்கள் அணி தொடரில் இருக்கும்வரை எனக்கு ஷிப்ட் உண்டு. அணி வெளியேறினால் நானும் வெளியே. கோடையில் பொதுமக்கள் சறுக்க வரும் மாதங்களுக்கு ஒரு ஆள் தேவைப்படும் என்று கேள்விப்பட்டு மேலாளர் டெபியிடம் கேட்டேன். "அதைத் தொடர் முடிந்ததும் பார்ப்போம்" என்றார். எனவே, பனியில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு எந்தப் பக்கம் போகிறது என்பது திடீரென்று என் சொந்த விஷயமாகிவிட்டது.

எறிந்த தொப்பி

ஒரே வீரர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் ரசிகர்கள் தங்கள் தொப்பியைக் கழற்றிப் பனிமேல் எறிவார்கள். இது இந்த ஆட்டத்தின் பழக்கம். காலிறுதியின் முதல் ஆட்டம் எங்கள் அரங்கில் நடந்தது; எங்கள் ஆள் ஒருவர் மூன்றாவது கோலைப் போட்டதும் தொப்பிகள் மழையாகக் கொட்டின. ஊழியர்கள் மண்வாரி மாதிரி ஒன்றால் அவற்றைத் தள்ளிக்கொண்டுவந்து ஒரு பெரிய பெட்டியில் போட்டார்கள். அந்தப் பெட்டியை என் கவுண்டருக்குக் கீழே வைத்தார்கள். யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்றார்கள்.

மறுநாள் காலையில் ஒருவர் வந்தார். சாம்பல் நிறம், கம்பளி, உள்ளே ஒரு தையல் விட்டிருக்கும் என்று அடையாளம் சொன்னார். நான் ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் பார்த்தேன். எல்லாமே ஈரம். பெட்டியின் அடியில் அது இருந்தது. மாமனார் கையால் கொடுத்த தொப்பியாம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் சாப்பிட வருகிறாராம். அதைப் பிழிந்து கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இனிமேல் யாராவது இரண்டு கோல் போட்டுவிட்டால் நான் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறேன்."

சண்டை எப்போது?

அதே ஆட்டத்துக்கு வெம்பிளியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தது. கணவருக்கு அலுவலகத்தில் இலவச டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா என் சட்டையிலிருந்த பெயர் வில்லையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார். "தம்பி, நம்ம ஊரா? இதுல எப்ப அடிச்சுக்குவாங்க? அந்த நேரம் பார்த்து நான் பாத்ரூம் போயிடக் கூடாது."

கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே சொன்னேன். சாதாரண லீக் ஆட்டத்தில் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அடித்துக்கொள்வது உண்டு. பிளே ஆஃபில் அது குறைவு. சண்டை போட்டவர் சில நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணி கோல் போட்டால் தொடரே போய்விடலாம், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவார்கள். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? சாதா மேட்சுக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

அவ்வளவு என்ன அவசரம்

காலிறுதி மூன்று ஆட்டங்கள். இரண்டை முதலில் ஜெயிப்பவர் அரையிறுதிக்குப் போவார். ஒரே அணி முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டால் மூன்றாவது நடக்காது. ஆனால் எங்கள் அரங்கில் நடக்கவேண்டிய அந்த மூன்றாவது ஆட்டத்துக்கும் டிக்கெட்டை முன்கூட்டியே விற்றுவிடுவோம். அதன் கீழே சின்ன எழுத்தில் 'தேவைப்பட்டால்' என்று இருக்கும். எங்கள் அணி வெளியூரில் இரண்டாவது ஆட்டத்தையும் ஜெயித்தது. அரங்கமே கொண்டாடியது. என் ஒரு ஷிப்ட் போயிற்று. ஆனால் அரையிறுதி வந்ததால் இன்னும் சில ஷிப்டுகள் வரும் என்று நானும் கொஞ்சம் சிரித்தேன்.

மறுநாள் ஒரு பெண் மூன்றாவது ஆட்டத்தின் டிக்கெட்டோடு வந்தார். அப்பாவின் பிறந்தநாளுக்காக வாங்கியது. அவரை ரயிலில் வரவழைத்து, தானும் வேலைக்கு லீவு போட்டுவிட்டார். சின்ன எழுத்தை அவர் படிக்கவில்லை. ஆட்டம் இல்லை, பணம் திரும்ப வரும் என்று விளக்கினேன். பக்கத்தில் அவருடைய அப்பா அணியின் ஸ்கார்ஃபைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். விற்கும்போது யாராவது வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இப்படி வந்து நின்றிருக்க மாட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. டிக்கெட்டை என்னிடம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "உங்கள் அணிக்கு அவ்வளவு என்ன அவசரம்?"

அம்மாவின் யோசனை

ஊரில் என் அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன் என்று சரியாகத்தான் சொன்னேன். சொந்தக்காரர்களிடம் அவர் அதை 'ஸ்டேடியம் ஆபீஸ்' ஆக்கிவிட்டார். அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அணி ஜெயித்தால் மகனுக்கு வேலை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எங்கள் அணியில் ஆடும், யாரென்றே தெரியாத கனடாக்காரர்களுக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். போனை எடுத்ததும் முதல் கேள்வி, "நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்களா?" என்பதுதான்.

இரண்டு ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டார்கள், அதனால் மூன்றாவது நாள் எனக்கு ஷிப்ட் இல்லை என்றேன். அம்மா நிதானமாகச் சொன்னார்: "அப்ப நான் வேண்டுனது தப்பாப் போச்சா? இனிமே ஒண்ணுல தோத்துட்டு அப்புறமா ஜெயிக்கட்டும்னு மாத்தி வேண்டிக்கிறேன்."

ரமணன் அண்ணையின் தாடி

வாசலில் பைகளைச் சோதிக்கும் ரமணன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், டூட்டிங்கில் இருக்கிறார். பல வருடமாக இந்த வாசல்தான். பிளே ஆஃப் முடியும்வரை வீரர்கள் முகச் சவரம் செய்துகொள்வதில்லை. எடுத்தால் ராசி போய்விடும் என்று நம்பிக்கை. ரசிகர்களில் பலரும் அப்படியே. எங்கள் ஊழியர்களில் ரமணன் அண்ணை ஒருவர்தான் இதைக் கடைப்பிடித்தார். அவருக்கு வளர்ந்த தாடி பாதி வெள்ளை. மோர்டனில் அவருடைய தங்கை மகளின் சாமத்திய வீடு, அதாவது பூப்பு நீராட்டு விழா, நெருங்கிக்கொண்டிருந்தது. வீடியோக்காரர் வருவார்; தாய்மாமன் தாடியோடு நிற்க முடியாது என்று வீட்டில் மனைவியோடு ஒரே சண்டை.

"மனுசி சொல்லுறா, கோப்பையோ தானோ எண்டு முடிவெடுக்கட்டாம்" என்றார் என்னிடம்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னன். அதுதான் பிழையாப் போச்சு."

அந்த வாரம் அவர் டூட்டிங்கில் மீன் வாங்கப் போயிருக்கிறார். எங்கள் வழக்கத்தில் ஆண் தாடியோடு திரிந்தால் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அண்ணையின் ஊரில் அந்தியேட்டி என்று சொல்லும் காரியம் முடியும்வரை மீனும் இறைச்சியும் ஆகாது. கடைக்காரர் மீனை நிறுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர் அண்ணை மோசம் போனது? அந்தியேட்டி முடிஞ்சுதோ?" என்று கேட்டாராம். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் 'ச்சொ' கொட்டினார்களாம். அண்ணை சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்: "ஒருத்தரும் சாகேல்லை. நாங்கள் இன்னும் செமி பைனல்ல நிக்கிறம். நீர் மீனை நிறும்."

நகராத வரிசை

அரையிறுதியும் மூன்று ஆட்டங்கள். முதலாவது வெளியூரில், மற்ற இரண்டும் எங்கள் அரங்கில். டிக்கெட் விற்பனை தொடங்கிய காலையில் வரிசை வாசல்வரை நின்றது. அந்த அப்பாவின் ஸ்கார்ஃப் எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்ட ஒவ்வொருவரிடமும், "இது நடக்காமலும் போகலாம். ரயில், லீவு எதையும் இதை நம்பி ஏற்பாடு செய்யாதீர்கள்" என்று சொன்னேன். சிலர் யோசித்தார்கள். சிலர் வாங்காமல் போனார்கள். ஆண்டுதோறும் அதே இருக்கையை வாங்கும் மோரீன் என்ற வயதான பெண்மணி, "நான் இதை எப்போதிலிருந்து பார்க்கிறேன் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆனாலும் அவருக்கும் சொன்னேன்.

பக்கத்துக் கவுண்டர் வரிசை என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாக நகர்ந்தது. டெபி பின்னால் வந்து நின்று நான் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டார். கவனம் சிதறி ஒருவருக்குத் தவறான இருக்கை வரிசையில் டிக்கெட் அடித்துவிட்டேன். பிறகு திருத்திக் கொடுத்தேன். கோடை வேலை இத்தோடு போயிற்று என்று நினைத்தேன். வேண்டுமானால் இனி சொல்லாமல் விற்கலாம். ஆனால் அடுத்து வந்தவர் கைக்குழந்தையோடு வெகுதூரத்திலிருந்து வந்தவர். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் நகர்ந்ததும் டெபி சொன்னார்: "முத்து, அது டிக்கெட்டில் அச்சடித்திருக்கிறது. நீ வாசித்துக் காட்டத் தேவையில்லை."

கைகுலுக்கும்வரை

அரையிறுதியில் வெளியூர் ஆட்டத்தில் தோற்றோம். எங்கள் அரங்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், பின்தங்கியிருந்த எங்கள் ஆட்கள் கடைசி நிமிடங்களில் கோல்காப்பாளரையும் வெளியே எடுத்துவிட்டு எல்லோரும் தாக்கப் போனார்கள். காலியான கோலுக்குள் எதிரணி வட்டை உருட்டிவிட்டது. ஆட்டம் முடிந்ததாகச் சங்கு ஒலித்தது. கவுண்டரை மூடிவிட்டதால் நான் படிக்கட்டின் மேலே நின்றிருந்தேன். மூன்றாவது ஆட்டம் இல்லை. எனக்கும் இனி ஷிப்ட் இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் ஓடியது. மாற்றி வேண்டியதில் பாதி பலித்துவிட்டது என்று வருத்தப்படுவார்.

கூட்டம் எழுந்தது. கவுண்டர் மூடிய பிறகு, இருக்கைகள் காலியாகும்போது வழிகாட்டுவதும் என் வேலை என்பதால், கடைசி வரிசையில் அசையாமல் இருந்த மோரீனிடம் உதவி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கீழே இரண்டு அணிகளும் எதிரெதிரே நீள வரிசையாக நின்று, ஒவ்வொருவராக நகர்ந்து கைகுலுக்கத் தொடங்கின. தொடர் முடிந்தால் மட்டும் செய்யும் மரியாதை அது. சற்று முன்பு ஒருவரையொருவர் பனித்தளத்தைச் சுற்றிய பலகைச் சுவரில் நசுக்கியவர்கள், இப்போது தோளைத் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டார்கள். காலிறுதியில் மூன்று கோல் போட்டவர் அழுதுகொண்டே கை கொடுத்தார். மோரீன் அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டதைப் பார்த்தோம். சமாதானமாவதைப் பார்க்காமல் போகலாமா?"

நடக்காத ஆட்டத்துக்கு வந்த கூட்டம்

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் மறுநாள் போனேன். வாசலில் மழமழவென்று ஒருவர் நின்றார். அருகில் போன பிறகே ரமணன் அண்ணை என்று தெரிந்தது. வீட்டில் சந்தோஷமா என்று கேட்டேன். "மனுசிக்குச் சந்தோஷம்தான். தாடி இருக்கேக்க ஒருத்தரும் சாகேல்லை, எடுத்தாப்பிறகுதான் எனக்குச் செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்றார்.

உள்ளே பணத்தைத் திரும்ப வாங்க மூன்றாவது ஆட்டத்தின் டிக்கெட்டோடு கூட்டம் நின்றது. டெபி என்னைப் பார்த்ததும் அட்டையை வாங்கிக்கொள்ளாமல், "போய் உட்கார்" என்று கவுண்டரைக் காட்டினார். பக்கத்து வரிசையில் சத்தம். இதை யாரும் சொல்லவில்லையே, ஹோட்டலுக்குக் கட்டியது என்னாவது என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் என்னிடமே வாங்கியவர்கள். டிக்கெட்டை நீட்டினார்கள், "நீ சொன்ன மாதிரியே ஆகிவிட்டது" என்றார்கள், போனார்கள். மோரீன் டிக்கெட்டோடு ஒரு சாக்லெட்டையும் வைத்துவிட்டுப் போனார். என் வரிசை முதலில் முடிந்தது. பிறகு பக்கத்து வரிசையில் பாதியை என் பக்கம் அனுப்பினார்கள்.

கூட்டம் கரைந்த பிறகு, கோடைப் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டதாக டெபி சொன்னார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்: "ஒன்று மட்டும். சறுக்க வருகிறவர்களிடம் நிச்சயம் விழுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லித் தொலைக்காதே."

எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்று ஊரிலும் லண்டனிலும் வேண்டிக்கொண்டிருந்த எங்களுக்குக் கடைசியில் சோறு போட்டது, தோற்றதால் நடக்காமல் போன ஆட்டம்தான்.