கப்பலுக்குப் பூக் கேட்டவர்

டீ கைக்கு வந்ததும் மயில்சாமி முதலில் வானத்தைப் பார்ப்பார், அடுத்துச் செல்லைப் பார்ப்பார், மூன்றாவதாகத்தான் டீயைப் பார்ப்பார். வானம், வெயில் எப்படி ஏறுகிறது, கோழி தாங்குமா என்று பார்க்க. செல், அன்றைய முட்டை விலைக்கு. அதற்குள் டீ ஆறிப் போயிருக்கும். "ஏஞ் சாமி, இது டீயா, கழனித் தண்ணியா?" என்று பேக்கரிக்காரரைக் கேட்பார். தினமும் கேட்பார். பேக்கரிக்காரரும் தினமும் சிரித்துவிட்டு வேறு டீ போட்டுக் கொடுப்பார்.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே அவருடைய கோழிப்பண்ணை. அறுபதைத் தாண்டியவர். சலவைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காருக்குள் எந்நேரமும் தீவன வாசம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் முட்டை வைத்தால் முதலில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, எந்தப் பண்ணைச் சரக்கு என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார். பெரியவர், சின்னப் பிள்ளை எல்லாரும் அவருக்குச் 'சாமி'தான். என்னைப் போன்ற நடுவயதுக்காரர்கள் 'தம்பி'. கோபம் வந்தால் மட்டும் 'சார்' என்பார். அவர் வாயால் 'சார்' கேட்டவர்கள் இரண்டு நாள் பேக்கரிப் பக்கம் வரமாட்டார்கள்.

எதைச் செய்வதானாலும் பூக் கேட்பார். எங்கள் பக்கத்தில் இது பரவலான வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. தண்ணீருக்குப் போர் போட்டது, ஷெட் கட்டியது, மகள் யுவஸ்ரீக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது எல்லாம் கருப்பணசாமி கோயிலில் பூக் கேட்டுத்தான். ரோட்டோரமாக நல்ல நிலம் ஒன்று மலிவாக வந்தது; சிவப்பு விழுந்ததால் விட்டுவிட்டார். வாங்கியவர் அதில் கல்யாண மண்டபம் கட்டிக் கொழிக்கிறார். "அதுக்கென்னுங்க பண்றது? கேக்காம இருந்தா அது வேற. கேட்டுப்போட்டு, சொன்னபடி நடக்காட்டி அப்பறம் அது சாமியா, நம்ம ஊட்டு வேலையாளா?" என்பார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கொஞ்ச நாளாக அவரிடம் ஒரு புதுப் பழக்கம். பண்ணையில் முட்டை பொறுக்கும் ராசாத்தி அக்கா எதிரே வந்தால், அடிக்காத செல்லை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். "ஆமாங்க, ஆமாங்க, பாத்துக்கலாமுங்க" என்று அந்தப் பக்கம் இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டே தீவன அறைக்குள் போய்விடுகிறார்.

எல்லாம் ஒரு கப்பலால் வந்த வினை. கோழி மருந்துக் கம்பெனி ஒன்று, நிறையக் கொள்முதல் செய்யும் பண்ணைக்காரர்களை ஆண்டுதோறும் வெளிநாடு கூட்டிப்போகும். இந்த ஆண்டு சொகுசுக் கப்பல், மனைவியோடு. கம்பெனி ஆள் சந்தோஷ்குமார் வந்து கப்பலின் படத்தைக் காட்டியதும் மயில்சாமி விழுந்துவிட்டார். கடலை அவர் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. "ஆயிரத்து இருநூறு அடி தோண்டியும் புழுதியப் பாத்த ஆளுங்க நானு. சுத்தியும் தண்ணியா இருக்கறத ஒருக்காப் பாத்துப்போடோணும்." சேலத்துக்குப் போய் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கிவந்து, கால் பழகட்டும் என்று தீவன அறைக்குள் போட்டு நடந்தார்.

கப்பலில் ஒரு குறையும் இல்லை. அது நின்று ஊர் சுற்றிக் காட்டும் நாட்டில்தான் சிக்கல். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று மயில்சாமி என்னிடம் கேட்டுக்கொண்டார். ராணுவம் பிடித்து வைத்திருக்கும் நாடு. நாலு பேர் கூடி நின்று பேசினாலே உள்ளே தள்ளிவிடுவார்களாம். ராசாத்தி அக்காவின் மகன் காளிதாஸ் அங்கேதான் இருக்கிறான். போர் போடும் ரிக் வண்டியோடு வேலைக்குப் போனவன். கடைவீதியில் ஊர்வலம் போனவர்களைச் சிப்பாய்கள் அடித்து விரட்டியதைச் செல்லில் படம் பிடித்தான். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. எந்தச் சிறை, உயிரோடு இருக்கிறானா இல்லையா, ஒரு தகவலும் இல்லை. தன் உறவினருடைய ரிக்கில் சொல்லி அவனை அனுப்பி வைத்தது மயில்சாமி.

"நான் வரலீங்க," என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி வசந்தாமணி. "அவ பையன அடச்சு வெச்சுருக்கற ஊர்ல எறங்கி, தொப்பி போட்டுக்கிட்டுப் போட்டோ எடுக்கறதுங்களா? நாளைக்கு அவ மொகத்துல எப்புடி முழிக்கறது?"

"நாம போகாட்டி அவனுக உட்டுப்போடுவானுகளா?"

"உடமாட்டானுகதான். அதுக்காவ நாமளும் போயி அவனுகளக் கும்புட்டுப்போட்டு வரோணுங்களா?"

மயில்சாமி காரை எடுத்தார். நேரே என்னிடம் வந்தார். கம்பெனி அனுப்பிய விதிகளைச் செல்லில் எடுத்து வாசித்துக் காட்டினார். சிப்பாயைப் படம் எடுக்கக் கூடாது. ஆட்சியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கூட்டத்தை விட்டுத் தனியே போகக் கூடாது. "ஏனுங் தம்பி, நம்ம கோழியாச்சுங் கூண்டுக்குள்ள கத்திக்குது!" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போகாதீங்கண்ணா, நல்லா இருக்காது," என்றேன். அவர் செல்லைப் பைக்குள் போட்டார். "உங்களக் கேக்கலீங்க சார். நான் சாமியக் கேட்டுக்கறேன்."

கேட்டார். சிவப்பு வந்தது.

போன மாதம் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. மயில்சாமி ஏறவில்லை. பேக்கரியில் யாராவது ஏன் என்று கேட்டால், "கோழிய உட்டுப்போட்டு எங்கீங்க போறது?" என்பார். சாமி சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இருந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுதியிருப்பேன். சிவப்பு வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது எனக்குத் தெரியும், கூடவே இருந்தேன்.

அன்று காலை என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. "வாங்க தம்பி, இன்னொருக்காக் கேட்டுப்போடலாம். போன வாட்டி மனசு ஒரு நெலையில இல்லீங்க," என்றார். நிலையில் இல்லாதது இப்போதுதான் என்று எனக்குப் பட்டது. மத்தியானத்துக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று சந்தோஷ்குமார் நெருக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பொட்டலம் கட்டுவது பூசாரி சின்னான். அன்றைக்குக் கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டு, மயில்சாமி உள்ளே உட்கார்ந்தபடியே தானே கட்டினார். முதல் இலையில் வெள்ளை நந்தியாவட்டை வைத்தார். இரண்டாவது இலையிலும் நந்தியாவட்டையே வைத்தார். பறித்து வந்த செவ்வரளி சீட்டின் மேலேயே கிடந்தது. நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் நூல் சுற்றிய கை நிற்கவில்லை.

கோயிலுக்குள் ராசாத்தி அக்கா விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் மகனுக்காக வருகிறவர் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மயில்சாமியின் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. செல்லைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

விவரம் அறியாத சின்னான் இரண்டு பொட்டலங்களையும் வாங்கிச் சாமி காலடியில் போட்டார். "நீ வந்து எடு ராசாத்தி. தாயி கையி," என்றார்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். "அந்தூருக் கப்பலுக்குங்களா மொதலாளி?"

"ஆமா," என்றார் மயில்சாமி, தரையைப் பார்த்து.

அக்கா கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அந்த முகம் அப்படி மலர்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. "தாராளமாப் போயிட்டு வாங்க மொதலாளி. சாமியே சொல்லிப்போடுச்சு." சட்டென்று குரல் இறங்கியது. "நான் உங்களுக்கு மட்டும் எடுக்கலீங்க. எம் மனசுலயும் ஒண்ணு நெனச்சுக்கிட்டுத்தானுங்க எடுத்தேன். வெள்ளை வந்தா எங் காளிதாசு உசுரோட இருக்கறான்னு அர்த்தம்னு. இத்தன நாளும் பயத்துல கேக்கவே இல்லீங்க. செவப்பு வந்துருமோன்னு."

மயில்சாமி கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தார். உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அக்காவின் கையிலிருந்து அந்தப் பூவைப் பிடுங்குவதாகும். சொல்லாமல் இருப்பதும் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை.

எடுக்காத பொட்டலத்தையும் பிரித்துக் காட்டுவது வழக்கம். சின்னான் அதற்குக் குனிந்தார். மயில்சாமி முந்திக்கொண்டார். அதை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டு, மேலே வலது கையை வைத்துப் பொத்திக்கொண்டார். சின்னான் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார்.

தட்டு முதலில் ராசாத்தி அக்காவிடம் வந்தது. பூவைக் கைக்குள் வைத்தபடியே இரண்டு கைகளாலும் தீபத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். அடுத்து மயில்சாமியிடம் போனது.

"கும்புடுங்க மொதலாளி," என்றார் அக்கா.

இடது கை கொஞ்சம் எழுந்து, பாதியில் இறங்கியது. சின்னான் தட்டை நீட்டியபடியே நின்றார். கற்பூரம் எரிந்து தீரும்வரை மயில்சாமி பையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.