டாக்டர் பாபு வருத்தப்படுவார்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு போன். பேசியவர் எங்கள் மாடிவீட்டு பௌதி. அண்ணியை இங்கே கொல்கத்தாவில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா. கணவரை அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டப் போயிருந்தார்.

"தீதி, டாக்டர் சொல்றது எனக்குப் புரியல. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

எங்கள் டாலிகஞ்ச் காலனியில் யார் வைத்தியத்துக்குத் தெற்கே போனாலும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். நான் என்ன டாக்டரா? தமிழச்சி... அது போதும்.

போன் கைமாறியது. "டிபி இல்லைங்க. லங் கேன்சர். பரவிடுச்சு. இத்தனை மாசம் டிபி மாத்திரை குடுத்திருக்காங்க. யாரும் பயாப்சி எடுக்கலையா?"

எடுக்கவில்லை. தெருமுனை டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், டிபி என்றார். இருமல் நிற்கவில்லை, மாத்திரையை நீட்டித்தார். வேறு டாக்டரைப் பாருங்களேன் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். பௌதியின் கணவர் ரிட்டயர்டு பாங்க் ஆபீசர். "டாக்டர் பாபு என்ன நினைச்சுப்பார்?" என்று சிரித்தே மழுப்பிவிடுவார்.

கரியாஹாட்டில் ஒரு புடவைக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். நுரையீரலுக்கு மட்டும் ஒரே கடையா?

சென்னை டாக்டர் சொன்னதைப் பெங்காலியில் பௌதியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

ஊர் திரும்பிவிட்டார்கள். நேற்று பார்க்கப் போனேன். மனிதர் பாதியாகியிருந்தார். பௌதியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "தெருமுனை டாக்டர்கிட்ட நான் போய்ச் சொல்லப்போறேன். சண்டைக்கு இல்ல. தப்பு நடந்தது அவருக்குத் தெரியணும் இல்லையா?" என்றேன்.

பௌதி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தீதி. 'டிபியை நீங்க குணப்படுத்திட்டீங்க, இது புதுசா வந்த வியாதி'ன்னு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எதுக்கு இந்தப் பொய்?"

"வலி வந்தா கூப்பிட்ட குரலுக்கு வந்து ஊசி போடறது அவர் ஒருத்தர்தான். அவரும் முகம் சுளிச்சிட்டா நான் எங்க போவேன்?"

  நான் மாடிப்படி இறங்கி வந்தேன்.

தெருமுனையில் அந்த டாக்டரின் சேம்பர், அதாவது கிளினிக். பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்தில் ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே கவர், விடாத இருமல். மனசு கேட்கவில்லை. பக்கத்தில் குனிந்து, "எதுக்கும் இன்னொரு டாக்டரையும் பாரும்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இவர் ரொம்ப நல்லவர், மாஷிமா" என்றாள், பெரியம்மாவிடம் சொல்வதுபோல.

நல்லவர்தான். அதனால்தான் அவருக்கு இன்னும் தெரியாது.