பனிமலைக்குத் தைத்த ரவிக்கை

என் மனைவி எண்ணூரில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தாள். காலை ரயிலில் போவாள், சாயங்கால ரயிலில் வருவாள். அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். பெரியவன் யாரிடமும் இருப்பான். சின்னவள் இவள் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதும் இல்லை.

நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினேன். ராயபுரத்தில் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த மறு வருஷம், கார்த்திகை மாதம். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாயா, கிறிஸ்மசுக்கு வடக்கால பனிமலைக்குப் போறாங்களாம். பசங்க கால்ல பலகைய கட்டிக்கினு சறுக்கப் போவுதாம். என்னையும் கூட்டிக்கினு போவாங்களாம்."

"போயேன்."

"துணி சரியா இருந்தாத்தானாம்."

விஷயம் இதுதான். முன்பு ஒரு தடவை ஒரு ஆயா நூல் புடவையோடும் ஒரு சால்வையோடும் போய், காய்ச்சலில் விழ, அவளைப் பாதியில் திருப்பி அனுப்பினார்களாம். அதனால் துரைசானி இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துணிக்குப் பணம் கொடுப்பேன், நீயே வாங்கு, அடுத்த சனிக்கிழமை போட்டுக்காட்டு, எனக்குத் திருப்தி இல்லையென்றால் அங்கேயே ஒரு மலைக்காரியை வைத்துக்கொள்வேன் என்று.

"அந்த மலைக்காரி ஊட்னா சின்னது துண்ணுமா?" என்றாள். எனக்கு அது போதும்.

மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாங்கும் கடைக்கு முதலில் போனோம். கண்ணாடிக்கு உள்ளே இருந்த கோட்டை வெளியே நின்று பார்த்தோம். வாசல்காரன் எங்களைப் பார்த்தான். திரும்பினோம். துரைசானி கொடுத்த பணத்துக்கு அந்தக் கோட்டின் ஒரு கை வந்திருக்கலாம்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் ராணுவம் கழித்துவிட்ட சாமான் விற்றார். டிஸ்போசல் கடை என்போம். தண்ணீர் பாட்டில், கொசுவலை, பெல்ட்டு, பூட்ஸ், கம்பளி எல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும். வேர்த்துக்கொண்டே கம்பளி விற்பார்.

"இன்னா நைனா, மெட்ராஸ்ல கம்பளி வாங்க வந்த மொத ஆளு நீதான். ஜொரமா?"

"எனக்கில்ல பாய். இவளுக்கு."

"தங்கச்சிக்கா? இதெல்லாம் ஆறடி சோல்ஜர் போட்டது."

"பரவால்ல பாய், காட்டுங்க," என்றாள் அவள்.

குவியலுக்குள் கைவிட்டு நீல நிறத்தில் தடித்த ஜெர்சி ஒன்றை இழுத்தார். ஓரத்து நூல் ஒன்றைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தது. "மெய்யாலுமே கம்பளி. நூலா இருந்தா காயிதம் மாரி எரியும்," என்றார்.

ஜெர்சி அவளுக்கு முழங்கால் வரை வந்தது. அடுத்து ஒரு காக்கிக் கம்பளிக் கால்சட்டை. அதைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"ஆம்பள கால்சட்டையா? நா மாட்டேன்பா."

"பொடவைக்குள்ள போட்டுக்கமே. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

பாய் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் அதையும் எடுத்தோம். ஒரு ராணுவப் போர்வை, சின்ன அளவில் ஒரு ஜோடி பூட்ஸ். பணம் அதோடு சரி. ஜெர்சியையும் கால்சட்டையையும் தையல்காரரிடம் கொடுத்துச் சிறிசாக்கிக்கொள்ளலாம் என்று முடிவு.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் உடுத்திய துணியை வாங்கினால் அது நேராக வீட்டுக்குள் வராது. வெளியிலேயே தகர டின்னில் சலவைச் சோடாவும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்து, அடித்துத் துவைத்து, காய்ந்த பிறகுதான் வாசல் தாண்டும். அம்மை வந்து ஆட்கள் போன சந்து அது. அந்த வழக்கத்தை யாரும் மீறியதில்லை. இதுவோ சண்டையில் இருந்தவன் துணி. அவன் உயிரோடு இருக்கிறானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பகல் அடுப்பு மூட்டினாள். நான் விறகு தள்ளினேன். ஜெர்சியும் கால்சட்டையும் டின்னில் அடங்கின. போர்வை அடங்கவில்லை, அதை மறுநாளைக்கு வைத்தோம். நன்றாகக் கொதிக்க விட்டோம். கம்பளியை எங்களில் யாரும் துவைத்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "இன்னும் ரெண்டு கொதி வுடு, மிலிட்டரி அழுக்கு," என்றாள். விட்டோம்.

குச்சியால் தூக்கியபோது ஜெர்சி வரவில்லை. அதன் குட்டி வந்தது.

நான்கு வயசுப் பிள்ளைக்குத்தான் ஆகும். கெட்டியாக, கோணிச்சாக்கு மாதிரி விறைத்திருந்தது. அவள் அதைப் பிழிந்தாள், இழுத்தாள், காலால் மிதித்துக்கொண்டு மேல் பக்கம் இழுத்தாள். அது ஒரு விரல் அளவுகூடக் கொடுக்கவில்லை. கால்சட்டை மட்டும் முழம் சுருங்கி, தையல்காரர் இல்லாமலே அவள் அளவுக்கு வந்திருந்தது.

அவள் டின் பக்கத்தில் குந்திவிட்டாள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஜெர்சியை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தேன். காது வரை வந்து நின்றுவிட்டது.

"வெளாட்டா கீதா ஒனக்கு?" ஈரத்தோடு பிடுங்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் வேலை விட்டதும் பாயிடம் போனேன். மாற்றிக் கொடுப்பாரா என்று கேட்கத்தான். ஜெர்சியை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொதிக்க வெச்சீங்களா?"

"ஆமா பாய்."

"சோடா போட்டு?"

"ஆமா."

"அட பேஜாரே! அது இன்னா வேட்டியா நைனா?" பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள். நான் நின்றேன். சிரித்து முடித்ததும் அதைக் கையில் வைத்து அமுக்கிப் பார்த்து, "மாத்தித் தர முடியாது. ஆனா ஒண்ணு. இப்போ இதுல காத்து போவாது. கத்திரி போட்டாலும் நூலு பிரியாது. தூக்கிப் போட்டுடாத," என்றார். கொஞ்சம் மொத்த நூலும் சாக்கு ஊசியும் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வந்து சொன்னேன். அவள் கொதிக்காமல் தப்பித்த போர்வையைத் தரையில் விரித்தாள்.

"சந்துல கேட்டா இன்னா சொல்றது? கொதிக்க வெக்கலியேன்னு?"

"வெயில்ல போட்டு எடுத்துட்டேன்னு சொல்லு," என்றேன்.

அவளுக்குத் தைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், ரவிக்கை. அதனால் போர்வையில் ரவிக்கைதான் வெட்டினாள். கை மணிக்கட்டு வரை, நீளம் இடுப்புக்குக் கீழே, கழுத்து மூடி. முன்னால் கொக்கிகள். போர்வையின் கரைக்கோடு சரியாக முதுகில் போயிற்று. ஊசி தடித்த மடிப்புகளில் இறங்காதபோது என்னிடம் கொடுப்பாள். நான் குத்தி இழுத்துக் கொடுப்பேன். அந்த வாரம் சாயங்காலமெல்லாம் அதுதான் வேலை.

ஜெர்சியிலிருந்து கையுறை வெட்டினாள். கட்டை விரலுக்கு ஒரு அறை, மற்ற விரல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு அறை. மீதியில் பூட்ஸுக்குள் போட இரண்டு உறை.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் எண்ணூர் போனேன். சமையல்கட்டுப் பக்கம் போய் உடுத்திக்கொண்டு வந்தாள். கால்சட்டை, அதற்கு மேல் தூக்கிச் செருகிய புடவை, கம்பளி ரவிக்கை, பூட்ஸ். முகமெல்லாம் வேர்வை. சமையல்காரர் பார்த்துவிட்டு, "இன்னா தாயி, ஜப்பான்காரன் திரும்பி வந்துட்டானா?" என்றார்.

"வந்தா மொதல்ல ஒன்னத்தான் புடிச்சிக் குடுப்பேன்," என்றாள்.

துரைசானி சிரிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தாள். கொக்கிகளை இழுத்துப் பார்த்தாள். ஓடிக் காட்டச் சொன்னாள். இவள் புடவையை இன்னும் ஒரு செருகு செருகிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடினாள். பூட்ஸ் தடதடவென்று சத்தம் போட்டது. சின்னவள் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

அப்புறம் துரைசானி கையுறையை வாங்கித் தன் கையில் மாட்டி, கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு விழுந்தது. மறுபடி ஊற்றினாள். கழற்றி உள்ளே தொட்டுப் பார்த்தாள். இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடல் பக்கம் பார்த்தேன்.

"கொதிக்க வெச்சி," என்றாள்.

குழந்தைகளுக்கும் ஒவ்வொரு ஜோடி வேண்டும் என்றாள் துரைசானி. அதுதான் சம்மதம் என்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தை மாதம் திரும்பி வந்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். சின்னவள் ஒரு வேளைகூடச் சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கவில்லையாம்.

"பனி எப்டி கீது?" என்றேன்.

"உப்பளத்துல நிக்கிற மாரி கீதுயா. கண்ணு கூசுது. ஆனா சுடல."

"குளுந்துச்சா?"

யோசித்துப் பார்த்தாள்.

"மூக்கு மட்டும்."

மூக்குக்கு நாங்கள் ஒன்றும் தைத்திருக்கவில்லை.