அது கோமதி அக்காவின் பிழை அல்ல

கோமதி அக்கா இறந்த செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு மெழுகுவத்திப் படம், பக்கத்தில் நாலு வரி. அவருடைய இனிஷியல் ஒரு வரியின் கடைசியில் தொங்க, பெயர் அடுத்த வரியில் கிடந்தது. பதினெட்டு ஆண்டுகள் பக்கம் வடிவமைத்த பெண்ணுக்கு எங்கள் நிறுவனம் செய்த மரியாதை இவ்வளவுதான். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அவற்றில் ஒரு ஜோடி எங்கள் மேலாளருடையது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு அவர் பாலிகஞ்ச் பகுதிக்காரர். பூஜைப் பந்தலில் வங்காளிகளோடு வங்காளியாக நின்று கிச்சடி பரிமாறியவர். எனக்கு நியூ டவுன் அலுவலகத்தில் பக்கத்து மேசை. தென்காசியிலிருந்து வந்த புதிதில் நானும் எல்லோரையும் போல வங்காள வழக்கப்படி 'கோமதிதி' என்றுதான் அழைத்தேன். "ஏன்டா, அக்கான்னா வாய் வலிக்கறதா? ஆபீஸ்ல ஒருத்தனாவது தமிழ்ல கூப்பிடேன்" என்றார். ஆனால் கோபம் வந்தால் அவர் வாயிலேயே வங்காளம்தான் வரும்.

எங்கள் வேலை லேடெக்கில். எழுத்துகளுக்கு நடுவே கட்டளைகளையும் எழுதிவைத்தால் கணினி பக்கத்தைக் கோத்துக் கொடுக்கும். அக்கா அதை அப்படியே நம்பமாட்டார். அச்செடுத்து, பக்கத்தின் வலது ஓரத்தில் ஸ்கேலை வைத்து, வரிகளின் முடிவுகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பார். "வரி எங்க முடியணும்கறத மெஷின் பாத்துக்கும். எங்க முடியக் கூடாதுன்னு நாமதான் சொல்லணும்" என்பார். எண்ணுக்கும் அதை அடுத்து வரும் மில்லிகிராம் போன்ற அளவைக்கும் நடுவே வெறும் இடைவெளி விடாமல் அலைக்குறி ஒன்றைப் போடுவார். அது இருந்தால் இரண்டும் பிரியாமல் ஒரே வரியில் நிற்கும்.

ஒருமுறை மருந்தளவுப் பட்டியலில் எண்களையெல்லாம் நடுவில் வைக்கச் சொன்னார் மேலாளர். தசமப் புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வந்தால்தான் இரண்டரைக்கும் இருபத்தைந்துக்கும் வித்தியாசம் தெரியும் என்று அக்கா சண்டை பிடித்தார். "நடுவுல வெச்சா அழகாத்தான் இருக்கும். நர்ஸ் அழகையா பாப்பா?" கடைசியில் அக்கா சொன்னபடியே பட்டியல் போனது. மேலாளர் அதை மறக்கவில்லை.

பிழை நேர்ந்ததும் அந்தப் பட்டியல் இருந்த அதே புத்தகத்தில்தான். செவிலியருக்கான கையேடு, செய்தித்தாள் போலப் பக்கத்துக்கு இரண்டு பத்தி. அக்கா எல்லாம் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வழக்குக்காக அலிப்பூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அன்று பிற்பகல் மேலாளர் என் பின்னால் வந்து நின்றார். சில வரிகள் ஓரத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தன. "எதையாவது செய், கோப்பு இன்றைக்குப் போயாக வேண்டும்" என்றார். ஒரே கட்டளையில் எல்லா அலைக்குறிகளையும் நீக்கினேன். வரிகள் சமர்த்தாக உள்ளே போய்விட்டன.

புத்தகம் அச்சாகிப் போன பிறகு ஒரு செவிலியர் கண்டுபிடித்தார். மருந்தின் எண் இடது பத்தியின் அடியில். மில்லிகிராம் வலது பத்தியின் உச்சியில், வேறொரு மருந்தின் தலைமேல். நல்லவேளை, யாருக்கும் தவறான மருந்து போகவில்லை. பிரதிகள் அத்தனையும் திரும்பி வந்தன. கடைசிக் கையெழுத்து அக்காவுடையது என்பதால் 'கவனக்குறைவு' என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். புத்தக வேலையைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்கேன் செய்த பக்கங்களைச் சரிபார்க்க உட்காரவைத்தார்கள். கோமதி அக்காவுக்குக் கவனக்குறைவாம்! மேலாளருக்கு உண்மை தெரியும். எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது காரணம்; நியாயம் அல்ல.

எட்டு மாதம் கழித்து மாரடைப்பில் அவர் போனார். தகனம் முடிந்து பாலிகஞ்ச் வீட்டுக்குப் போனபோது அவருடைய தங்கை என்னைத் தனியாக அழைத்தார்.

"நீங்கதானே பக்கத்து சீட்? யார் மாத்தினான்னு கம்ப்யூட்டர்லயே இருக்குமாமே. அக்கா அன்னிக்கே பாத்துட்டா. அவனே வந்து சொல்லட்டும்னு காத்துண்டிருந்தா. ரோஜ், தெனமும் கேப்பேன், சொன்னானான்னு. இல்லேன்னுவா."

முதலில் அக்கா மேல்தான் கோபம் வந்தது. என்னைப் பிடித்து உலுக்கியிருக்கலாமே, நாலு பேர் முன்னால் கேட்டிருக்கலாமே என்று. மறுநாள் எல்லாவற்றையும் எழுதி, அக்காவுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை ரத்துசெய்யச் சொல்லி மேலாளரிடம் கொடுத்தேன். "போனவருக்கு இனி எதற்கு?" என்றார். இன்னும் ரத்தாகவில்லை. ஆகும்வரை விடப்போவதில்லை. அவரை அறிந்த உங்களிடமும் சொல்கிறேன்: அது அவர் பிழை அல்ல, என் பிழை.

அவர் என்னைக் கேட்கவே இல்லை என்று கோபப்பட்டேனே, அது பொய். அந்த எட்டு மாதமும் காலையில் வந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "அப்புறம்? ஏதாவது சொல்லணுமாடா?" என்பார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஒவ்வொரு நாளும் நான் மழையைப் பற்றியும் பஸ் தாமதத்தைப் பற்றியும் சொன்னேன்.