கொழுப்புருண்டையும் ஆடி அமாவாசையும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில், வீட்டுப் பின்வளவுக்கு வரும் பறவைகளைப் பட்டியலிட்டு வரும்படி பள்ளியில் விடுமுறை வேலை தந்தார்கள். மூன்று நாளாகியும் என் பட்டியலில் ஒரே பெயர்தான்: புறா. ஆகவே கடையில் பறவைகளுக்கான கொழுப்புருண்டைப் பொதி ஒன்று வாங்கினேன். வெயில் காலத்துக்கென்று அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. நிழலில் தொங்கவிடவும். கொஞ்சமாக வைக்கவும். உருகத் தொடங்கினால் அகற்றவும். லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டு வளவில் நிழல் இருந்த ஒரே இடம் கொட்டிலின் ஓரம். அங்கிருந்த ஆணியில் ஓர் உருண்டையைக் கொழுவினேன்.

பொதியின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலும் இருந்தது. முதலாவது: மாட்டுக் கொழுப்பு. எங்கள் வீடு சைவம். பொதியைச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்தேன். அப்பா பிஸ்கட் பொதியைக்கூடத் திருப்பிக் கடைசி எழுத்துவரை படிக்காமல் கூடைக்குள் போடமாட்டார்.

அடுத்த நாள் ஆடி அமாவாசை. தன் ஐயாவுக்காக, என் அப்பப்பாவுக்காக, அப்பா விரதம். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது, விசா முடிவு வராததால் அப்பா செத்தவீட்டுக்குப் போகவில்லை. முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதராம் அப்பப்பா. அவருக்குப் படைத்த சோற்றைக் காகம் தொட்ட பிறகுதான் அப்பா சாப்பிடுவார். முந்தின வருடம் காகம் வரவில்லை; பட்டினியாகவே வேலைக்குப் போனார். இந்த முறையும் இரண்டு மணிக்கு ஷிப்ட்.

சோறு வெயிலில் காய்ந்துவிடும் என்று, அம்மா வாழையிலையை நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்தார். என் உருண்டைக்கு நேர் கீழே.

அப்பா வேட்டியுடன் நின்று "கா... கா..." என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தொண்டைக்கு மருந்து வேண்டுமா என்று விசாரித்தார். புறா ஒன்று வந்தது.

"புறாவும் பறவைதானேயப்பா. சாப்பிடுங்கோவன்," என்றார் அம்மா.

"ஐயா புறாவா வரமாட்டார். கலை அதை."

ஒன்றரை மணி. அப்பாவின் உதடுகள் வறண்டிருந்தன. அப்போதுதான் கவனித்தேன்: உருண்டை உருகிச் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது கட்டளையை நிறைவேற்றினால் காரணம் சொல்ல வேண்டிவரும். அசையாமல் நின்றேன்.

புகைக்கூண்டிலிருந்து ஒரு காகம் நேரே இலையில் இறங்கியது. வடையைத் தொடவில்லை. பருப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொழுப்பு விழுந்த சோற்றை மட்டும் பொறுக்கித் தின்றது.

"ஐயா வந்திட்டார்! பாத்தியே பிள்ளை? அப்பிடியே ஐயாவின்ர பார்வை!"

"மாமா வடையைத் தொடவேயில்லை," என்றார் அம்மா மனவருத்தத்துடன்.

"அவருக்கு எங்க பல்லு? வடை கடிக்க ஏலாது."

சோறு முடிந்ததும் அப்பப்பா தலையை நிமிர்த்தி உருண்டையைக் கொத்தத் தொடங்கினார்.

"அதென்ன உருண்டை?"

"குருவிச் சாப்பாடு அப்பா."

"ஓம், ஓம். நல்லது."

மனதுக்குள் குற்றவாளிகளைப் பட்டியலிட்டேன். கொழுவிய நான். கதிரை வைத்த அம்மா. தின்ற அப்பப்பா. அப்பாவை மட்டும் சேர்க்கவில்லை. அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடினார்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள், வேலையால் வந்த அப்பா ஒரு பையை என்னிடம் நீட்டினார்.

"இதில ஒண்டை அந்த ஆணியில கொழுவிவிடு பிள்ளை."

உள்ளே அதே கொழுப்புருண்டைப் பொதி. படபடப்புடன் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியல் இருந்த துண்டை மட்டும் யாரோ ஒழுங்காகக் கிழித்து எடுத்திருந்தார்கள். நல்லவேளை, அப்பா படிக்க முன்னமே கிழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, உருண்டையைக் கொழுவ ஓடினேன்.