கருங்குழிக் கல்யாணத்தில் இரண்டு கிடார்கள்

எனக்கு மகன் இல்லை. இருந்தும் போன மாதம் நாவலூரில் ஒரு வாத்தியக் கடையில் நின்றுகொண்டு, மகனுக்குக் கிடார் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். பையன் என்ன படிக்கிறான் என்று விற்பனைப் பெண் கேட்டாள். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் என்றேன். கேட்காமலே அவனுக்கு ஒரு பெயரும் வைத்தேன். ஐம்பது தாண்டிய தொப்பையோடு போய் எனக்கே எலெக்ட்ரிக் கிடார் வேண்டும் என்று கேட்பதைவிட, இல்லாத பிள்ளையைப் பெற்று மூன்றாம் வருஷம்வரை படிக்கவைப்பது சுலபமாக இருந்தது.

அவள் இரண்டு கிடார்களை எடுத்து வந்தாள். இரண்டுமே என் ஸ்கூட்டரைவிட விலை கூடியவை. இதைக் கொஞ்சம் தட்டினேன், அதைக் கொஞ்சம் தட்டினேன், மறுபடி இது, மறுபடி அது. மதியம் முழுக்கப் போய்விட்டது. சாப்பாட்டு டப்பாவைப் பாதி திறந்தபடியே நின்றிருந்த அந்தப் பெண், “சார், ஒரு நாள் தம்பியையே கூட்டிட்டு வாங்களேன்” என்றாள். வாங்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து விரல்நுனியை முகர்ந்து பார்த்தேன். எஃகுக் கம்பி விட்டுப்போகும் அந்த வாசனை, உள்ளங்கையில் வெகுநேரம் பொத்திவைத்த பழைய நாணயத்தின் வாசனை, அப்படியே இருந்தது.

என்னைப் பொறுத்தவரை அது மாமல்லபுரத்தின் வாசனை. அந்தக் கடற்காற்றில் இரும்பு எதுவும் தாக்குப்பிடிக்காது. ஜன்னல் கொக்கி, சைக்கிள் செயின், கிடார் கம்பி, எல்லாம் ஒரே கதிதான். தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தேன். அணுவை ஆராய்கிறவர்களுக்கு நடுவே, ஸ்டோர்ஸில் பேனாவும் பேப்பரும் எடுத்துக் கொடுக்கிற கிளார்க். முகூர்த்த நாள்களில் மட்டும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று செய்யூர் முதல் செங்கல்பட்டு வரை எங்கள் சாம்ராஜ்யம் பரவியிருந்தது.

என் கிடார் பல கை மாறி வந்தது. கழுத்துக் கட்டை வளைந்து வில்லாகியிருந்தது. தலைப்பக்கம் பாடும், கீழே வரவர அழும். அந்தச் சமயம் மாமல்லபுரத்துக் கடலோர விடுதி ஒன்று சனிக்கிழமை மாலைகளில் வாசிக்க எங்கள் குழுவைக் கூப்பிட்டது. குழுவில் எல்லோருக்கும் அதுதான் அன்றைக்குக் கனவு. மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “எல்லாரும் வாங்க சார். அந்தக் கிடார் மட்டும் வேணாம்.”

கிடார் வராவிட்டால் நானும் போகமுடியாது என்பதை அவர் யோசித்தாரா, இல்லை யோசித்துத்தான் சொன்னாரா, இன்றுவரை தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் நீல்ஸ் வந்தார். டென்மார்க்கிலிருந்து சிற்பம் பழக வந்து, மாமல்லபுரத்தில் கல் தட்டுகிற பட்டறை ஒன்றில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்ட மனிதர். தமிழும் அந்தப் பட்டறையிலேயே கற்றார். ஆகவே என்னைவிட அசலான செங்கல்பட்டு மாவட்டக்காரர். ஊருக்குத் திரும்பப்போகிறவரிடம் இரண்டு எலெக்ட்ரிக் கிடார்கள் இருந்தன. தான் செதுக்கிய பிள்ளையாரையும் தூக்கிப்போக வேண்டியிருந்ததால் விமானத்தில் ஒரு கிடாருக்குத்தான் இடம். “ரெண்டுல எது வோணுமோ நீ எட்துக்கோ. வுட்டத நான் எட்துனு போறேன்” என்றார். இரண்டுக்கும் ஒரே சிநேகித விலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விமானம். ஒரு வாரம் இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

எது நல்லது என்று அவரையே கேட்டேன். “ரெண்டும் நல்லா கீதுபா” என்றார். அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான அபிப்பிராயம் அதுதான். அதை நான் மதிக்கவில்லை.

கம்பெனிப் பெயர்களைச் சொல்லமாட்டேன். சொன்னால் கிடார்க்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து என்னை இரண்டு பக்கமும் அடிப்பார்கள். ஒன்று வெள்ளை. இளைத்த உடம்பு, வெட்டுகிற மாதிரிக் குரல், கழுத்தை உடம்போடு நாலு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். இன்னொன்று சிவப்பு. அம்மிக்கல் எடை, நெய்விட்ட குரல், கழுத்தைப் பசைபோட்டு ஒரே மரம்போல ஒட்டியிருந்தார்கள். சிவப்பில் தந்தியின் நீளம் கொஞ்சம் குறைவு. என் குட்டை விரல்களுக்கு அது எட்டியது. வெள்ளையில் எட்டாததை எட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். வேலைப்பாட்டில் இரண்டையும் குறைசொல்ல ஆள் பிறக்கவேண்டும். கழுத்தில் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தில் விரலை ஓட்டினால் பட்டுப்புடவைக் கரையைத் தடவுகிற மாதிரி இருந்தது. என் பழைய கிடாரில் அப்படி ஓட்டினால் டெட்டனஸ் ஊசி போட வேண்டும்.

செங்கல்பட்டு பஜாரில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்த அன்வர்தான் எங்கள் குழுவின் கணக்குவழக்கு, கார் ஏற்பாடு எல்லாம். அவன் கடை மாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டு பெட்டிகளோடு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பார்த்தார். “இன்னாபா இது, சவப்பொட்டியா? ரெண்டு கீது?” என்று கேட்டு, இரண்டுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். நின்றுகொண்டே போனதில், எடை குறைந்த வெள்ளைக்கு முதல் மதிப்பெண் விழுந்தது. எந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனும் கிடாரைத் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வைத்து மதிப்பிட்டிருக்க மாட்டான்.

அன்வர் கடை மாடியில் சோப்பு, நாப்தலின், அத்தர் மூன்றும் சேர்ந்த வாசனை. மின்சாரம் விளைகிற கல்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அன்வரின் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரின் மைக் ஓட்டையில் சொருகித்தான் வாசித்தேன். வெள்ளையைச் சொருகினால் கிடாருக்குப் பதில் டியூப்லைட்டின் இரைச்சல் பாடியது. டியூப்லைட்டை அணைத்தால் கிடார் பாடியது. ஆனால் கீழே கடையும் சேர்ந்து இருட்டாகி, செண்ட் வாங்க வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“மச்சான், எதனா ஒண்ண எடுத்துக்கயேன். ரெண்டும் கிடாருதானே?” என்றான் அன்வர்.

“டோன் வேறடா.”

“இன்னா டோனு? யாவாரம் போவுது எனக்கு.”

மறுநாள் மழை பிசுபிசுத்தது, கம்பி தளர்ந்தது. முதல் நாள் கேட்ட வெள்ளையோடு மறுநாள் கேட்ட சிவப்பை ஒப்பிடுவது எப்படி நியாயம்? மறுபடி ஆரம்பித்தேன். சிவப்புக்கு அதற்கடுத்த நாள் வெயில் கிடைத்தது. அது வெள்ளைக்கு அநியாயம். மறுபடி ஆரம்பித்தேன். என் மனைவி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “பீரோ மேல எது நிக்கும்?” என்று மட்டும் கேட்டாள். எதுவும் நிற்கவில்லை. வியாழக்கிழமைவாக்கில் அன்வர் என்னைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்க ஆரம்பித்தான்.

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை கருங்குழியில் எங்களுக்கிருந்த கல்யாண வரவேற்பிலேயே தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. முதல் பாதி வெள்ளை, இரண்டாம் பாதி சிவப்பு. அன்வர் மண்டபத்தின் கடைசியில், பந்தி வாசலில் நின்று கேட்டுத் தீர்ப்புச் சொல்வான். எங்கள் பக்கத்து முறைப்படி வாத்தியத்துக்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் கிடையாது. எல்லாம் மைக்செட்டில் போய்ச் சேர்ந்து, மண்டபத்தைப் பார்த்துத் திருப்பிய ஸ்பீக்கர் பெட்டிகள் வழியாக வெளியே வரும். மேடையில் இருப்பவனுக்குக் கேட்பதெல்லாம் பக்கத்து டிரம்ஸ் மட்டுமே. தன் வாசிப்பைத் தானே கேட்கிற பாக்கியம் எங்கள் தொழிலில் யாருக்கும் இருந்ததில்லை. மைக்செட் ஏழுமலை மேடைக்குக் கீழே வயர்க்காட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். நான் கிடார் வயரை நீட்டினேன், வாங்கிக்கொண்டான்.

வெள்ளையில் வாசித்தேன். பரவாயில்லை, ஆனால் ஏதோ ஒட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு சிவப்பை மாட்டினேன். அதை எப்படிச் சொல்ல? அடிவயிற்றிலிருந்து குரல் எழும்பி மண்டபத்தை நிரப்புவதாக உணர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நீளமான சுரத்தை இழுத்து நிறுத்தியபோது கூட்டத்தில் விசில் பறந்தது. ஐஸ்கிரீம் வந்ததும் அதே சமயம்தான் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வடக்கே விமானத்துக்குப் போகவேண்டிய நீல்ஸ், எங்களுக்காக டாக்சியில் தெற்கே கருங்குழிவரை வந்து மண்டப வாசலில் நின்றார். “இன்னாபா, எது வோணும்? சீக்கிரம் சொல்லு, டைம் ஆவுது.” நான் அன்வரைப் பார்த்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டே, “செவப்புதான் மச்சான். சந்தேகமே இல்ல. இன்னா சவுண்டு!” என்றான். என் காதும் அவன் காதும் ஒத்துப்போயின. வெள்ளை டாக்சியில் ஏறி டென்மார்க் போனது.

ஒரு பருவம் விடுதியில் வாசித்தோம். கடல்காற்று, மஞ்சள் விளக்கு, முன்வரிசையில் வெள்ளைக்காரர்கள். மேனேஜர் ஒருமுறை எனக்குக்கூட காப்பி அனுப்பினார். பிறகு ஒரு சனிக்கிழமை, விடுதி வாசலில் மொபெட்டின் மேல் சாத்திவைத்த சிவப்பு, காற்றில் சரிந்து விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பெட்டிக்குள்ளேயே கழுத்து முறிந்திருந்தது. ஒட்டவைத்தேன், மறுபடி முறிந்தது. எங்கே கொண்டுபோனாலும், “திருகாணி வச்ச மாடலா இருந்தா வேற கழுத்த மாட்டிக் குடுத்துருவேன் சார்” என்றார்கள். அடுத்த சனிக்கிழமை விடுதிக்காரர்கள் கீபோர்டுக்காரரிடமே கிடார் சத்தத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருந்ததாம். எனக்கு ஸ்டோர்ஸ் மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. கீபோர்டுக்குள் முதலில் கிடார் போனது, பிறகு புல்லாங்குழல், பிறகு டிரம்ஸ், கடைசியில் குழுவே போனது. நீல்ஸ் கல் தட்டிய சந்தில் இப்போது பான்கேக் போடுகிறார்கள். கருங்குழி மண்டபத்தின் முகப்பை அகலப்படுத்திய ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை தின்றுவிட்டது. அன்வரின் கடையில் அவன் மகன் மொபைல் கவர் விற்கிறான். அத்தர் வாசனைகூட மிச்சமில்லை. இவ்வளவுக்கும் நடுவே எனக்கு ஒரே ஆறுதல் இருந்தது. கழுத்து முறிந்தால் என்ன, விடுதி வாய்ப்புப் போனால் என்ன, நான் காதை நம்பித் தேர்ந்தெடுத்தேன். கருங்குழியில் அன்று எழுந்த அந்தக் குரலுக்கு இந்த நஷ்டம் தகும். இருபது வருஷத்துக்கு மேலாக இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும்.

போன வாரம் செய்யூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஏழுமலையைப் பார்த்தேன். இப்போது எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறான். அவனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சங்கடமாகச் சிரித்தான்.

“கருங்குழியா? அன்னிக்கு உன் கிடார் லைன நான் போடவே இல்லியே அண்ணாத்த. பொண்ணோட மாமா வாழ்த்துப் படிக்கணும்னு ஒரே பேஜாரு பண்ணாரு. லைனு பத்தல. உன்னுத புடுங்கி அவுரு மைக்குக்குக் குட்த்துட்டேன்.”

“இடைவேளைக்கு அப்புறமா?”

“இல்ல, மொதல்லயே. திருப்பிப் போடலாம்னு பாத்தா நீ கண்ண மூடிகினு வாசிச்சிகினு இருந்த. இன்னாத்துக்குத் தொந்தரவுன்னு வுட்டுட்டேன்.”

அங்கேயே ஓரமாக நின்று அன்வருக்குப் போன் போட்டேன். அன்றைக்குக் கிடார் சத்தமே வரவில்லையாமே, உனக்கு எப்படிடா சிவப்பு கேட்டது என்றேன்.

“ஒண்ணும்தான் கேக்கல மச்சான்” என்றான். “கேக்கலன்னு சொல்லியிருந்தா நீ என்னிய இன்னொரு கலியாணத்துக்கு இட்டுகினு போயிருப்ப.”